பெருநாளும் பிள்ளைகளும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக் காட்சி ஒன்று வருகிறது. முற்றத்தில் உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியை விரட்ட, அவ்வீட்டு மகளிர் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை வாசலில் கிடக்கிறது. குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேர் அதில் தடைப்பட்டு நிற்கிறது. அந்நகரத்தில் தேருக்கு நேரும் தடை இது ஒன்றே என்று செல்வச் சிறப்பைப் புலவர் புலப்படுத்துகிறார் என்பர் உரையாளர். நாமும் வகுப்பறையில் அவ்வாறே சொல்லி வருகிறோம். எனினும், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெருநாள் கொண்டாடும் இல்லத்தார்க்கு இவ்வடிகள் வேறொன்றையும் சொல்லக்கூடும். பெரியவர் எறிந்த பொன், பிள்ளையின் தேரை நிறுத்திவிடுகிறது.

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் நம் இல்லங்களில் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை இக்கோணத்திலிருந்து சற்றே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். மார்க்கச் சட்டம் பேசுவது ஆலிம்களின் பணி. அதில் நாம் தலையிடவில்லை. இலக்கியம் கற்பிப்போர் என்ற முறையிலும், பிள்ளைகளைப் பெற்றோர் என்ற முறையிலும் கண்டவற்றைக் கூறுகிறோம்.

மாணவர் எழுதிய கட்டுரைகள்

இளங்கலை முதலாண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக, 'என் இளமைக்காலப் பெருநாள்' என்னும் தலைப்பைப் பலமுறை கொடுத்திருக்கிறோம். பிற சமய மாணவர்க்குத் தீபாவளியோ பொங்கலோ கிறிஸ்துமஸோ தலைப்பாகும். எழுத்துப் பிழைகளும் ஒற்றுப் பிழைகளும் மலிந்த அத்தாள்களைத் திருத்தும்போது ஒரு செய்தி நம் கவனத்திற்கு வந்தது. எந்த ஆண்டு எந்தக் கடையில் என்ன விலைக்கு உடை எடுத்தார்கள் என்று ஏறக்குறைய எவரும் எழுதுவதில்லை. உறங்கும்போது உள்ளங்கையில் அப்பிய மருதாணி தலையணையிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது, மொட்டை மாடியில் பிறை தேடிய வாப்புச்சாவின் சுட்டு விரல் நீண்ட திசையில் ஒன்றும் தெரியாமலே 'தெரிகிறது' என்று சொன்னது, திடலுக்கு ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்பியது, பெருநாள் காசை எண்ணி எண்ணிச் சட்டைப் பை கிழிந்தது ஆகியவற்றையே எழுதுகின்றனர். இடியாப்ப உரலின் பிடியை உம்மும்மாவின் கையோடு சேர்த்து அழுத்தியதை ஒரு மாணவி முழுப் பக்கம் எழுதியிருந்தாள். அன்று விருந்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்பது அவள் நினைவில் இல்லை.

இவை அனைத்தும் செலவில்லாதவை என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிடலாகாது. இவை ஒவ்வொன்றிலும் பெரியவர் ஒருவர் அவசரமின்றிப் பிள்ளையின் அருகில் இருந்திருக்கிறார். பெருநாளுக்கு முந்தைய இரவில் அவ்வாறு இருப்பதற்குத்தான் இன்று ஆளில்லை. உம்மா அடுக்களையிலும், வாப்பா தையற்கடை வாசலிலும், அக்காமார் துணிக்கடையிலும் நிற்கின்றனர். பிள்ளையோ உறக்கம் கெட்டு, அழுது, யாரிடமாவது அடி வாங்கி உறங்குகிறது. மறுநாள் வைகறையில் அதனை எழுப்பிக் குளிப்பாட்டிச் சுருமாவும் அத்தரும் இட்டு, 'சிரி' என்று சொல்லிப் படம் எடுக்கிறோம்.

உடையும் கடனும்

பெருநாளன்று உள்ளவற்றுள் நல்ல உடையை அணிவது விரும்பத்தக்கது. உள்ளவற்றுள் நல்லது என்பது நாளடைவில் புதியது என்றாயிற்று. புதியது என்பது விலை மிக்கது என்றாயிற்று. இப்போது குடும்பத்தார் அனைவரும் ஒரே நிறத்தில் உடுத்தல் வேண்டும் என்பதுவரை வந்து நிற்கிறது. மூன்று வயதுச் சிறுமிக்குச் சரிகையும் கண்ணாடி வில்லைகளும் தைத்த, கழுத்தை அறுக்கும் உடை. அவள் அதனைப் பிற்பகல் வரையும் பொறுப்பதில்லை. 'அழுக்காக்காதே, ஓடாதே, மண்ணில் உட்காராதே' என்று மூன்று கட்டளைகளை அவ்வுடையோடு சேர்த்தே அணிவிக்கிறோம். விளையாடக் கூடாத நாள் என்றே அக்குழந்தை பெருநாளைப் புரிந்துகொள்ளும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது, பேரர்களான ஹசனும் ஹுசைனும் சிவப்புச் சட்டை அணிந்து, நடந்தும் தடுக்கி விழுந்தும் வந்தனர் என்றும், அண்ணலார் உரையை இடைநிறுத்தி, இறங்கி வந்து இருவரையும் தூக்கிக்கொண்டார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. பிள்ளை தடுக்கி விழுந்தால் உடை கறைபட்டதா என்று நோக்குவதா, பிள்ளையைத் தூக்குவதா என்ற வினா எழும் வீடுகளில் இதனை நினைவுகூர்தல் தகும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். நடுத்தரக் குடும்பங்களில் பெருநாள் உடைக்காக நகையை அடகு வைத்தலும் தவணைக்கு வாங்குதலும் புதியன அல்ல. 'பிள்ளைகள் ஏங்கிவிடக் கூடாது' என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். உண்மையில் நான்கு வயதுப் பிள்ளை விலைக்கு ஏங்குவதில்லை. எதிர்வீட்டார் என்ன நினைப்பர் என்னும் ஏக்கம் பெரியவருடையது. அதனைப் பிள்ளையின் பெயரில் கணக்கெழுதுகிறோம். சற்று வளர்ந்து ஒன்பது பத்து வயதானபின் அப்பிள்ளையும் ஒப்பிடக் கற்றுக்கொள்கிறது. கற்பித்தவர் யார் என்று நாம் தேட வேண்டியதில்லை. பெருநாள் காசிலும் இதே நிலைதான். 'பெரியம்மா எவ்வளவு கொடுத்தார்? மாமா எவ்வளவு?' என்று பிள்ளையிடம் கேட்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால், அக்காசு மீண்டும் விளையாட்டுப் பொருளாகிவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவான சிறு புத்தம்புதுத் தாளைக் கொடுக்கும் பெரியவர்கள் சில ஊர்களில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் வரும்போது பிள்ளைகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

அலுக்கும் வரை

பெருநாளில் சிறாரின் மகிழ்ச்சிக்கு இடமுண்டு என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெருநாள் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பழைய போர்ப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர். உள்ளே வந்த அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்தார்கள். ஒவ்வொரு சமுதாயத்தார்க்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள், அவர்களை விட்டுவிடுக என்னும் கருத்துப்பட அண்ணலார் தடுத்துரைத்தார்கள். மற்றொரு நிகழ்ச்சி: அபிசீனியர் ஈட்டியும் கேடயமும் ஏந்திப் பள்ளிவாசலில் விளையாடினர். அன்னையார் அண்ணலாரின் தோளுக்குப் பின்னால் நின்று அதனைக் கண்டார்கள். தாமாகவே அலுத்துப்போகும்வரை அண்ணலார் தமக்காக நின்றிருந்ததையும், விளையாட்டில் விருப்புடைய இளம்பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்குமாறும் அன்னையாரே பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள்.

'அலுக்கும் வரை' என்னும் இச்செய்தி நம் நெஞ்சில் தங்க வேண்டியது. எப்போது முடிப்பது என்பதைப் பார்ப்பவரின் விருப்பத்திற்கு விட்டார்கள். நாமோ பெருநாளன்று பிள்ளைகளை ஏழு வீடுகளுக்கு அழைத்துச் செல்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடம். ஒவ்வொரு வீட்டிலும் வட்டலாப்பம். விளையாட்டு தொடங்கும் நேரத்தில் 'எழுந்திரு, அடுத்த வீடு'. மாலையில் பிள்ளை வாந்தி எடுத்தால் கண்ணேறு என்கிறோம். இரண்டு வீடுகள் போதும். எஞ்சியவற்றை மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்துக்கொள்ளலாம். உறவினர் மனம் வருந்துவர் என்பது உண்மையே. இதனைக் குடும்பத்து மூத்தோர் ஒருவர் முன்னின்று சொன்னால் பொருந்தும். புதிதாய் வந்த மருமகள் சொன்னால் பூசல் விளையும். ஆகவே இவ்விதழைப் படிக்கும் பெரியோர்களையே இப்பணிக்கு வேண்டுகிறோம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பத்துப் பருவங்களை உடையது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இஸ்லாமியப் புலவர் பலர் உளர். பாட்டுடைத் தலைவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் குழந்தையாகும்போது அவர் கையில் புலவர் கொடுப்பன மணல் வீடும் சின்னப் பறையும் சின்னத் தேருமே ஆகும். 'சிறு' என்னும் அடைமொழி மூன்றிலும் நிற்பதை மாணவர்கள் கவனித்தல் நன்று.

மூன்று காசு

பெருநாளையும் பிள்ளையையும் ஒருங்கே வைத்துப் பிரேம்சந்த் எழுதிய 'ஈத்கா' என்னும் சிறுகதை நம் மாணவர் பலரும் அறிந்தது. தாய் தந்தையரை இழந்து பாட்டி அமீனாவிடம் வளரும் சிறுவன் ஹாமீத். காலில் செருப்பில்லை, பையில் மூன்று காசு மட்டும் உண்டு. உடன் வரும் சிறுவர் சந்தையில் மண் பொம்மைகளும் இனிப்பும் வாங்குகின்றனர். ஹாமீத் இரும்புக்கடையில் ஓர் இடுக்கி வாங்குகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறதே என்பது அவன் எண்ணம். மற்றவர்களின் பொம்மைகள் அன்றே உடைகின்றன. முதலில் கடிந்த பாட்டி, காரணம் கேட்டபின் அழுகிறாள்.

இக்கதையைத் தியாகத்தின் கதை என்று மட்டும் கற்பிப்பது நிறைவாகாது என்பது நம் கருத்து. ஹாமீத் வழி நெடுகிலும் மகிழ்ச்சியாகவே இருக்கிறான். இடுக்கியைத் தோளில் துப்பாக்கியாகச் சாத்திக்கொள்கிறான். மற்றப் பொம்மைகளை எல்லாம் தன் இடுக்கி வெல்லும் என்று வாதிட்டு வெற்றியும் பெறுகிறான். அவனுக்கு அது விளையாட்டுப் பொருளும் ஆகிவிட்டது. மேலும், கதையின் இறுதியில் குழந்தை கிழவனைப் போலும் கிழவி குழந்தையைப் போலும் ஆகிவிடுவதாகப் பிரேம்சந்த் காட்டும்போது, அதில் துயரமும் கலந்தே இருக்கிறது. ஏழைப் பிள்ளை விரைவில் முதியவனாகிறான். ஆதலின் 'ஹாமீத்தைப் போல் இரு' என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவது கதைக்கும் பிள்ளைக்கும் செய்யும் தீங்கு. ஹாமீத்தைப் போன்ற சிறுவர் நம் தெருவில் எத்தனை பேர் என்று நாம் பார்ப்பதே முறை.

அதற்கென்றே மார்க்கம் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. நோன்புப் பெருநாளின் ஃபித்ரா தர்மம் தலைக்கு ஒரு ஸாவு தானியம். இன்றைய அளவில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ எனலாம். வசதியுள்ளோர் தம் பொறுப்பில் உள்ள கைக்குழந்தைக்கும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன்னர் அது உரியவரைச் சென்றடைய வேண்டும். ஷாஃபிஈ வழியினர் தானியமாகவே கொடுப்பர். ஹனஃபீ வழியில் விலையாகவும் கொடுக்கலாம். தானியமாகக் கொடுக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இதனைவிட நல்ல வேலை இல்லை. ஆறு வயதுப் பிள்ளையை அழைத்து, 'இது உன் பங்கு அரிசி, நீயே அள்ளு' என்று படியை அதன் கையில் கொடுத்துவிடலாம். கொஞ்சம் சிந்தும். தங்கையின் பங்கையும் தானே அளப்பேன் என்று சண்டை வரும். வரட்டும். தன் பெயரில் ஒரு கடமை உண்டு என்பது பிள்ளைக்கு அன்றுதான் தெரியவரும். ஆனால் கொடுக்கும் இடத்தில் பிள்ளையை முன்னிறுத்திப் படம் எடுப்பதை அறவே விலக்க வேண்டும். பெற்றுக்கொள்ளும் வீட்டிலும் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும்.

காலையில் சில

நோன்புப் பெருநாளன்று தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்டு செல்வது அண்ணலாரின் வழக்கம். பிள்ளைகளை வெறும் வயிற்றோடு திடலுக்கு இழுத்துச் செல்வோர் இதனைக் கருதுக. பழங்களை எண்ணித் தரும் பொறுப்பை மூத்த பிள்ளைக்குக் கொடுத்தால் ஒற்றைப்படை எண்களும் மனப்பாடமாகும். பெண்களையும் இளம்பெண்களையும் பெருநாள் திடலுக்கு அழைத்து வருமாறு பணிக்கப்பட்டதை உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். இன்று பல ஊர்களில் திடலில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு. வழக்கமில்லாத ஊர்களும் உண்டு. வழக்கம் உள்ள ஊரில், காலை உணவை எளிதாக்கினாலன்றி அடுக்களையில் இருப்பவர் திடலுக்கு வருவது நடவாத செயல். இடியாப்பமும் ஒரு குழம்பும் போதும் என்று முந்தைய நாளே முடிவு செய்யும் வீட்டில், உம்மாவும் பெருநாள் கொண்டாடுகிறார். பன்னிரண்டு வகை சமைக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வகை கிடைக்கும், உம்மா கிடைக்கமாட்டார். பிரியாணியை ஒருவரும் விடப்போவதில்லை என்பதை நாமும் அறிவோம். அது பகலுக்கு இருக்கட்டும்.

தந்தை வளைகுடா நாட்டில் இருக்கும் இல்லங்களின் நிலை வேறு. அங்குப் பெரும்பாலும் ஒருநாள் முந்தியே பெருநாள் வந்துவிடுகிறது. வாப்பாவுக்குப் பெருநாள் முடிந்த பின் பிள்ளைக்குப் பெருநாள். முன்பு ஒலிநாடாவில் குரல் பதிந்து அனுப்பினர். இன்று கைப்பேசியில் முகமே தெரிகிறது. பிரிவை ஈடு செய்யப் பெட்டி பெட்டியாக விளையாட்டுப் பொருள்கள் வந்து சேர்கின்றன. அவ்வாப்பாமார்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. பெருநாளன்று பலரும் சூழ்ந்திருக்கும் நேரத்தில் அழைத்து 'என்ன வாங்கினாய்' என்று கேட்பதைவிட, முந்தைய இரவில் பிள்ளை படுக்கும்போது அழைத்துத் தம் சிறுவயதுப் பெருநாள் ஒன்றைக் கதையாகச் சொல்லலாம். ஆண்டுதோறும் அதே கதையைச் சொன்னாலும் குற்றமில்லை; சொல் மாறினால் பிள்ளையே திருத்தும்.

2020ஆம் ஆண்டு மே மாதம் நோன்புப் பெருநாள் வந்தபோது, பெருந்தொற்றினால் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, திடல் இல்லை, துணிக்கடை இல்லை, விருந்தினர் இல்லை. இல்லங்களிலேயே தொழுதோம். நோயும் வேலையிழப்பும் நிறைந்த அந்நாள்களை நல்ல காலம் என்று எவரும் சொல்லார். எனினும் அப்பெருநாளைப் பற்றி அக்காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால், கூடத்தில் வாப்பா இமாமாக நின்றதையும், தம்மைத் தக்பீர் சொல்ல விட்டதையும் ஆர்வத்தோடு கூறுகின்றனர். பழைய உடையைத் துவைத்து உடுத்தியதைக் குறையாகச் சொன்னவரை நாம் இதுவரை கேட்டதில்லை.

ஆட்டுக்கு அழும் பிள்ளை

ஹஜ்ஜுப் பெருநாள், நோன்புப் பெருநாள் கழிந்து ஏறக்குறைய எழுபது நாளில் வருவது. அதில் பிள்ளைகள் தொடர்பான கடினமான செய்தி ஒன்று உண்டு. பலரும் அதனைப் பேசுவதில்லை. குர்பானிக்கென்று வாங்கிய ஆடு சில நாள் முன்னரே வீட்டுக்கு வருகிறது. பிள்ளை அதற்குத் தழை கொடுக்கிறது, பெயர் வைக்கிறது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்கவும் விரும்புகிறது. பெருநாளன்று அது அறுக்கப்படுகிறது. பிள்ளை அழுகிறது. பெரியவர்கள் சிரிக்கின்றனர், அல்லது 'ஆண்பிள்ளை அழலாமா' என்கின்றனர். சிலர் பிள்ளையைப் பிடித்து நிறுத்திக் காணச் செய்கின்றனர்.

இது வேண்டாத செயல். அறுக்கும் பிராணிக்கு நோவு குறையுமாறு கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று மார்க்கம் பணிக்கிறது. பிராணியின் நோவைக் கருதும் இடத்தில் பிள்ளையின் நோவைக் கருதாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்? உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என ஒரு படலமே பாடியிருக்கிறார். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. அண்ணலார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். ஆட்டுக்காக அழும் பிள்ளைக்கு இக்கதையைச் சொல்லலாம். அழுகையைக் கேலி செய்யாமல், அது நல்ல உள்ளத்திலிருந்து வருவது என்று சொல்லலாம். மிகச் சிறிய பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆட்டை முந்தைய நாள் மாலையில் கொண்டு வருவதும், வீட்டிற்கு வெளியே பொது இடத்தில் அறுக்கச் செய்வதும் எளிய வழிகள். இப்ராஹீம் நபியின் வரலாற்றைச் சொல்லும்போதும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது மகன் பிழைத்தான் என்பதையே. கத்தியைப் பற்றிய விளக்கம் பின்னர் வரலாம். 'வாப்பா என்னையும் அறுப்பாரா?' என்று கேட்ட பிள்ளைகள் உளர். அவ்வினாவிற்குச் சிரிப்பு விடையாகாது. மடியில் அமர்த்தி, 'இல்லை' என்று தெளிவாகச் சொல்லல் வேண்டும்.

இறைச்சியை மூன்று பங்காக்கி, தமக்கு ஒன்று, உறவினர்க்கும் நண்பர்க்கும் ஒன்று, வறியோர்க்கு ஒன்று எனப் பகிர்வது நல்வழக்கம். பொட்டலங்களை அடுக்கி, எவ்வீட்டிற்கு எது என்று எழுதி ஒட்டும் வேலையைப் புதிதாக எழுதப் பழகிய பிள்ளைக்குக் கொடுக்கலாம். 'பெரியம்மா' என்பதில் மகர ஒற்று விடுபட்டிருந்தால், அன்று மட்டும் தமிழாசிரியர்களும் திருத்தாமல் விட்டுவிடலாம்.